பிளாஸ்ரிக் கிற்றார் வாங்கலாமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கனடாவுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் நிறைவடையாத என் ஒன்றுவிட்ட தங்கை தொலைபேசி எடுத்தாள். வழக்கமாக அவள் என்னிடம் கேட்பவை வாடகைப் பத்திரம், பாடசாலைக் கடிதம், குளிர்காலச் சப்பாத்து போன்ற விடயங்களே. இம்முறை கேட்டது வேறு.

"அண்ணை, இவன் பெடியன் கிற்றார் கேம் வேணுமெண்டு ரெண்டு கிழமையாய் ஒரே கரைச்சல். பழைய சாமான் கடையில ஒண்டு கண்டவனாம். உண்மையான கிற்றாரும் இல்லையாம், பிளாஸ்ரிக்காம். இவரோட வேலை செய்யிற ஆள் ஒருத்தர் தந்த பழைய பிளேஸ்ரேஷன் 3 ஒண்டு வீட்டில கிடக்கு, அதில போட்டு விளையாடலாமாம். இவர் சொல்லுறார், காசைக் கரியாக்கிற வேலையெண்டு. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"யோசிச்சு நாளைக்குச் சொல்லுறன் பிள்ளை" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்விதான். ஆனால் 2008 ஆம் ஆண்டில் என் மகன் இதே கேள்வியைக் கேட்டபோது ஒரே சொல்லில் பதில் சொன்னவன் நான். அந்தப் பதில் இன்றும் என் மனதை உறுத்துகிறது. ஆகவே தங்கைக்குச் சொல்ல வேண்டியதை ஆறுதலாக இருந்து யோசித்தேன். அவளைப்போலப் புதிதாக வந்து குடியேறியிருக்கும் ஏனைய பெற்றோருக்கும் பயன்படக்கூடும் என்பதால் அதனை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன சாமான் என்று பார்ப்போம். கிற்றார் வடிவத்தில் பிளாஸ்ரிக்கில் செய்த ஒரு பொருள். தந்திகள் கிடையாது. கழுத்துப் பகுதியில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், செம்மஞ்சள் என ஐந்து பொத்தான்கள். தந்தியை மீட்ட வேண்டிய இடத்தில் மேலும் கீழும் அசையும் ஒரு சிறு பட்டி. தொலைக்காட்சித் திரையில் ஒரு நீண்ட பாதை தெரியும். அதில் இந்த ஐந்து நிறங்களிலும் குமிழ்கள் எம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும். ஒரு குமிழ் கோட்டைத் தொடும் அதே கணத்தில் அந்த நிறப் பொத்தானை அழுத்திக்கொண்டு பட்டியைத் தட்டவேண்டும். சரியாகத் தட்டினால் பாட்டில் கிற்றார் ஒலிக்கும். தவறவிட்டால் கிற்றார் ஒலி மட்டும் நின்றுவிடும். பல தடவை தவறவிட்டால் திரையில் நிற்கும் சனம் கூச்சலிட, பாட்டு இடையில் நின்றுபோகும். தொடக்கநிலையில் மூன்று பொத்தான்கள், அடுத்த நிலையில் நான்கு, அதற்கு மேலே ஐந்தும் என்று கடினம் கூடிக்கொண்டே போகும்.

இந்த வகை விளையாட்டை யப்பானில் 1990களின் இறுதியிலேயே கொனாமி என்ற கம்பனி விளையாட்டு நிலையங்களுக்காகச் செய்திருந்தது. ஆனால் வட அமெரிக்காவில் வீடு வீடாகப் புகுந்தது 2005 நவம்பரில் வெளிவந்த 'கிற்றார் ஹீரோ'தான். அதனைச் செய்த ஹார்மொனிக்ஸ் நிறுவனத்தை எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் படித்த அலெக்ஸ் ரிகொபுலொஸ், எரான் எகோசி என்ற இருவர் 1995 இல் தொடங்கினர். இசை படிக்காதவர்களும் இசைப்பதன் இன்பத்தை அறியவேண்டும் என்பதே அவர்களது நோக்கம். 2007 இல் கிற்றார் ஹீரோவின் மூன்றாம் பாகம் வந்தது. அதே ஆண்டில் ஹார்மொனிக்ஸ் 'ரொக் பான்ட்' என்ற இன்னொன்றை வெளியிட்டது. அதில் கிற்றாரோடு மேளமும் ஒலிவாங்கியும் சேர்ந்து, நான்குபேர் ஒரு குழுவாக விளையாடலாம். அந்தக் காலத்தில் பாடசாலை செல்லும் பிள்ளைகள் இதைப்பற்றியே கதைத்தார்கள்.

என் மகனும் அவர்களில் ஒருவன். 2008 புரட்டாதி மாதம். அவனுக்கு 11 வயது. நாங்கள் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். கனடாவுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நான் பாண் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. மைத்துனர் கொடுத்த பழைய பிளேஸ்ரேஷன் 2 ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது.

"அப்பா, எனக்குக் கிற்றார் ஹீரோ வேணும்."

"என்ன விலையடா?"

சொன்னான். கிற்றாரோடு சேர்த்து, வரியும் கட்டினால் 100 டொலரைத் தாண்டியது. அப்போது ஒன்ராறியோவில் ஆகக்குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 8 டொலர் 75 சதம். மனதுக்குள் கணக்குப் போட்டேன். பதினொரு மணித்தியாலத்துக்கு மேல் நின்று உழைத்த காசு. அதைவிடவும் பெரிய கணக்கு ஒன்று இருந்தது. அது வன்னியில் சனம் ஊர் ஊராக இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலம். என் மூத்த அக்கா குடும்பம் மரத்தடியில் தறப்பாள் கட்டி இருந்தது. மாதம் முடிய எவ்வளவு மிஞ்சும், அதில் எவ்வளவு அனுப்பலாம் என்பதே எங்கள் வீட்டுப் பேச்சு. அந்த நேரத்தில் பிளாஸ்ரிக் கிற்றாருக்கு 100 டொலரா?

"இல்லை" என்றேன். "இசை வேணுமெண்டால் சனிக்கிழமை மிருதங்க வகுப்புக்கு ஒழுங்காய்ப் போ. அது உண்மையான இசை."

அவன் அடம்பிடிக்கவில்லை. அழவும் இல்லை. அதனால் விடயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சில வாரங்களின் பின் ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு வேலை இல்லாத நாள், அவனை அழைத்துவர அவனது வகுப்புத் தோழன் வீட்டுக்குப் போனேன். பிலிப்பீன்ஸ் நாட்டுக் குடும்பம். அந்த வீட்டு அம்மா வாசலில் என்னை வரவேற்று, கோப்பி தந்து, "உங்கள் மகன் நல்ல பிள்ளை, ஆனால் பேசவே மாட்டான்" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் வீட்டில் வாய் ஓயாதவன் அவன். கீழே பேஸ்மென்றுக்கு இறங்கிப் போனேன். நான்கு பிள்ளைகள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாடு. என் மகன் அந்தப் பிளாஸ்ரிக் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் தட்டிக்கொண்டு நின்றான். பாட்டு முடிந்ததும் மற்ற மூவரும் கத்திக்கொண்டு அவன் முதுகில் தட்டினார்கள். அவன் சிரித்தான். இந்த நாட்டுக்கு வந்தபின் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நடந்து வரும்போது கேட்டேன்: "அங்க ஏனடா நீ ஒண்டும் கதைக்கிறேல்லையாம்?"

"எனக்கு டக்கெண்டு இங்கிலீஷ் வராது அப்பா. நான் யோசிச்சுச் சொல்லுறதுக்குள்ள அவங்கள் வேற கதைக்குப் போயிடுவாங்கள். விளையாடேக்க கதைக்கத் தேவையில்லைத்தானே."

சிறிது தூரம் போனபின் அவனே தொடர்ந்தான்: "ஆனா அப்பா, நெடுகவும் நான் அங்க போகேலாது. அவங்கள் எங்கட வீட்டையும் வரட்டோ எண்டு கேக்கிறாங்கள். வந்தால் எங்கட வீட்டில என்ன இருக்கு?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஒரு வீட்டில் நான்கு தடவை சாப்பிட்டுவிட்டு ஒரு தடவையாவது அவர்களை அழைக்காமல் இருப்பது எங்கள் பழக்கத்தில் எவ்வளவு கூச்சமான காரியம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். பதினொரு வயதுப் பிள்ளைக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. அவன் கேட்டது விளையாட்டுச் சாமான் என்று நான் நினைத்திருந்தேன். அவன் கேட்டது நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட ஒரு காரணம்.

இதை விளங்கிக்கொண்ட பின்பும் நான் வாங்கிக் கொடுக்கவில்லை. வன்னிச் செய்திகள் நாளுக்கு நாள் மோசமாகின. 2009 மே மாதம் வரை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி செய்திக்காக மட்டுமே இயங்கியது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை ரொக் பாட்டுக்குத் தட்டிக்கொண்டு நிற்பதை நானும் சகித்திருக்கமாட்டேன், அவனும் கேட்டிருக்கமாட்டான். அந்தக் கோடையில் அவனுடைய தோழன் குடும்பம் அல்பேர்ட்டாவுக்குக் குடிபோய்விட்டது.

2011 பெப்ரவரியில், கிற்றார் ஹீரோவை வெளியிட்டுவந்த அக்ரிவிஷன் நிறுவனம் அந்தப் பிரிவையே மூடுவதாக அறிவித்தது. ஒரே மாதிரியான பாகங்களை ஆண்டுக்குப் பல என்று வெளியிட்டதில் சனத்துக்கு அலுத்துப்போயிருந்தது. அந்தக் கோடையில் எங்கள் பகுதிக் கராஜ் சேல்களில் பிளாஸ்ரிக் கிற்றார்கள் குவிந்து கிடந்தன. 10 டொலருக்கு ஒன்று வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் வேலை செய்யவில்லை. அது கம்பியில்லாத வகை. அதற்குரிய சிறு வாங்கிக் கருவி, பிள்ளைகள் 'டொங்கிள்' என்று சொல்வது, அதனோடு வரவில்லை. பிறகு தேடித் திரிந்து, கம்பியோடு உள்ள 2005 ஆம் ஆண்டு வகையை விளையாட்டுத் தட்டோடு 15 டொலருக்கு வாங்கினேன்.

மகனுக்கு அப்போது 14 வயது. "தாங்ஸ் அப்பா" என்றான். மூன்று நாள் தனியாக விளையாடினான். நான்காம் நாள் அது கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. நூறு டொலர் பெறுமதியாக இருந்த சாமான், பதினைந்து டொலருக்கும் பெறுமதி இல்லாமல் போயிற்று. சாமான் மாறவில்லை, காலம்தான் மாறிவிட்டது.

ஒரேயொரு மாலை மாத்திரம் அதனால் எங்கள் வீடு கலகலத்தது. மனைவி, "இஞ்ச தாங்கோ பாப்பம்" என்று வாங்கி, இலகுவான நிலையில் ஒரு பாட்டை முழுவதும் தவறாமல் முடித்தாள். நான் பாதிப் பாட்டிலேயே சனத்திடம் கூச்சல் வாங்கினேன். அவள் ஊரில் சிறுவயதில் வீணை படித்தவள். பாட்டை அவள் முன்பின் கேட்டதில்லை. ஆனால் கால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. இந்த விளையாட்டு சோதிப்பது தாளத்தை மட்டுமே என்று அன்று விளங்கியது. சுரம் எல்லாம் ஏற்கனவே ஒலிப்பதிவு செய்தது. நாங்கள் செய்வது காலப்பிரமாணம் தவறாமல் தட்டுவது. மகன் ஏன் அந்த பேஸ்மென்றில் கெட்டிக்காரனாக நின்றான் என்பதற்கும் காரணம் அதுதான். நான் உயர்த்திப் பேசிய மிருதங்க வகுப்புதான் அங்கே அவனுக்குக் கைகொடுத்திருந்தது.

இனி, வாங்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் கவனிக்கவேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, இது கிற்றார் கற்பிக்காது. உண்மையான கிற்றாரில் ஆறு தந்திகள்; விரல் நுனி நோகும்; ஒரு பாட்டைச் சுமாராக வாசிக்க மாதங்கள் செல்லும். பொத்தான் தட்டுவதில் தேர்ந்த பிள்ளை உண்மையான கிற்றாரைத் தொட்டால் தொடக்கத்திலிருந்துதான் தொடங்கவேண்டும். உண்மையான கிற்றாரையே இணைத்து விளையாடிப் பழகும் 'ரொக்ஸ்மித்' என்ற விளையாட்டை யூபிசொஃப்ற் நிறுவனம் 2011 இல் வெளியிட்டது. 2022 இல் வந்த அதன் புதிய வடிவம் சந்தா கட்டிப் பயன்படுத்துவது. பிள்ளை மெய்யாகவே இசை பழக ஆசைப்பட்டால், முதலில் பாடசாலை இசை வகுப்பில் விசாரியுங்கள். ரொறன்ரோப் பொது நூலகம் 2016 இல் பார்க்டேல் கிளையில் இசைக்கருவிகளை இரவல் கொடுக்கத் தொடங்கியது. நூலக அட்டை இருந்தால் காசில்லாமல் கிற்றார் எடுத்துப் பார்க்கலாம் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது.

இரண்டாவது, பழைய சாமான் வாங்கும்போது கிற்றார் உங்கள் வீட்டு மெஷினுக்கு உரியதா என்று பாருங்கள். பிளேஸ்ரேஷன் 3 க்கு உரிய கம்பியில்லாக் கிற்றார் என்றால் அதற்கே உரிய டொங்கிள் கட்டாயம் வேண்டும். ஒரு வகையின் டொங்கிள் மற்ற வகைக்குப் பொருந்தும் என்று நம்பி வாங்கவேண்டாம். எக்ஸ்பொக்ஸ் 360 க்கு உரிய கம்பியில்லாக் கிற்றாருக்கு டொங்கிள் தேவையில்லை. 'வீ' மெஷினுக்கு உரிய கிற்றார் ஹீரோ வகையில் அந்த மெஷினின் ரிமோட்டையே கிற்றாருக்குள் செருகவேண்டும். பற்றரி இடும் பெட்டியைத் திறந்து துருப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து பொத்தானையும் அழுத்தி, பட்டியை இரு பக்கமும் தட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, இன்றைய தட்டையான தொலைக்காட்சிகளில் படம் சற்றுத் தாமதித்துத் தோன்றும். சரியாகத் தட்டியும் பிழை என்று காட்டினால் பிள்ளையை ஏசாதீர்கள். தொலைக்காட்சியில் 'கேம் மோட்' என்பதைத் தெரிவுசெய்து, விளையாட்டின் உள்ளேயும் நேரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

நான்காவது, இணையத்தை நம்பியிருக்கும் விளையாட்டுகளில் அவதானம் தேவை. 2015 இல் வந்த 'கிற்றார் ஹீரோ லைவ்' நூற்றுக்கணக்கான பாடல்களை இணையம் வழியாகத் தந்தது. 2018 டிசம்பர் 1 ஆம் திகதி அந்தச் சேவை நிறுத்தப்பட்டதும், தட்டில் இருந்த 42 பாடல்கள் மட்டுமே மிஞ்சின. பழைய தட்டுகளுக்கு இந்தப் பயம் இல்லை.

ஐந்தாவது, புதிதாக வாங்க விரும்பினால். ஹார்மொனிக்ஸை எப்பிக் நிறுவனம் 2021 இல் வாங்கி, 2023 டிசம்பரில் 'ஃபோட்நைற் ஃபெஸ்ரிவல்' என்ற இசை விளையாட்டைத் தொடங்கியது. விளையாட இலவசம், சாதாரண கொன்ட்ரோலரே போதும். அதற்குப் பொருந்தும் புதிய கிற்றார் ஒன்றும் 2024 இல் வந்தது. வந்தபோது அதன் விலை ஏறக்குறைய 130 அமெரிக்க டொலராக இருந்தது. இலவசம் என்பதைக் கேட்டு ஏமாறவேண்டாம். விரும்பிய பாட்டைச் சொந்தமாக்கக் காசு கேட்கும். கடன் அட்டை இலக்கத்தை மெஷினில் பதிந்து வைக்காதீர்கள். அத்தோடு இது ஃபோட்நைற் என்ற துப்பாக்கிச் சூட்டு விளையாட்டின் உள்ளேயே இருக்கிறது. வெடிச்சத்தத்துக்குத் தப்பி வந்த எங்களில் சிலருக்கு அந்த ஒலி வீட்டுக்குள் கேட்பதே தாங்கமுடியாதது. இசைப் பகுதியில் சூடு இல்லை. மற்றப் பகுதிகளைக் கட்டுப்படுத்தப் பெற்றோருக்கான வசதிகள் உண்டு. பிள்ளையோடு உட்கார்ந்து அவற்றை ஒழுங்கு செய்யுங்கள்.

இவ்வளவும் சாமான் பற்றியது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன் பிள்ளையிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வி உண்டு. 2008 இல் நான் விலையைக் கேட்டேன், அதைக் கேட்கவில்லை.

இதை எழுதுமுன் மகனிடமும் கேட்டேன். அவனுக்கு இப்போது முப்பதை நெருங்கும் வயது. "அந்த நேரம் வாங்கித் தரேல்லை எண்டு கோவமோ?" என்றேன். "இல்லையப்பா. காசு எங்க போனது எண்டு எனக்குப் பிறகு தெரியும். பெரியம்மாவுக்குத்தானே" என்றான். சற்று யோசித்துவிட்டு, "ஆனா அவங்களை ஒருநாளாவது வீட்டை கூப்பிட்டிருக்கலாம். கேம் இல்லாட்டிலும் அம்மா ரோல்ஸ் போட்டிருப்பா" என்றான். அது எனக்குத் தோன்றவேயில்லை. பிள்ளை கேட்ட கிற்றாரைப் பற்றியே நினைத்து, கிற்றார் இல்லாமலும் கதவைத் திறந்திருக்கலாம் என்பதை மறந்துபோனேன்.

மறுநாள் தங்கைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, பெடியன் ஆரோட விளையாடப் போறானாம்? கேட்டனியோ?"

"இல்லையண்ணை. பொறுங்கோ, கேட்டுச் சொல்லுறன்." உள்ளே போய்த் திரும்பி வந்தாள். "வகுப்பில ஒரு சோமாலியப் பெடியனும், கீழ்மாடியில ஒரு தமிழ்ப் பெடியனுமாம். ரெண்டு பேரையும் கூப்பிடலாமோ எண்டு இப்பதான் என்னட்டைக் கேக்கிறான். எங்கட வீடு சின்னன் எண்டு இவ்வளவு நாளும் கேக்கேல்லையாம்."

"அப்ப வாங்கு. இந்தக் கிழமையே வாங்கு. டொங்கிள் இருக்கோ எண்டு பார்த்து வாங்கு. தனிய விளையாடத்தான் எண்டு சொல்லியிருந்தால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருப்பன்."

கடந்த சனிக்கிழமை அவள் மீண்டும் எடுத்தாள். கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம் கேட்காமல் நிலத்தில் இரண்டு பாய் விரித்து, பெடியளை அதன்மேல் நின்று விளையாட விட்டாளாம். கிற்றார் ஒன்றுதான், ஆனபடியால் பாட்டுக்கு ஒருவர் என்று முறை வைத்து விளையாடினார்களாம். சோமாலியப் பெடியன் கோழி ரோல்ஸைக் கடித்துவிட்டு, இதற்கு என்ன பெயர் என்று கேட்க, மருமகன் விளக்கம் கொடுத்தானாம்.

"எந்தப் பாஷையில?" என்று கேட்டேன்.

"இங்கிலீஷிலதான் அண்ணை. பிழை பிழையாய்த்தான். ஆனா நல்லாக் கதைச்சவன். போட்ட பதினைஞ்சு ரோல்ஸும் முடிஞ்சுது."